பேசிப் பழக எங்கே போகலாம்: வாரயிறுதி வகுப்பா, டோஸ்ட்மாஸ்டர்ஸா, பொங்கல் பட்டிமன்றமா?

ஆபீசில் டெமோ கொடுக்கச் சொன்னால் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை, கே.ஆர்.புரத்தில் வீடு. ஒன்றரை வருடமாக மூன்று வழிகளில் காசும் நேரமும் போட்டுப் பார்த்துவிட்டேன். எதில் சேரலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே போனால் நீங்கள் எழுந்து நின்று எத்தனை நிமிடம் பேசுவீர்கள்?

முதலில் போனது வாரயிறுதி வகுப்பு, பெயர் வேண்டாம். இரண்டு நாள், 14,000 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. பயிற்சியாளர் அபாரமாகப் பேசினார். சிக்கலும் அதுதான், அவரே பேசிக்கொண்டிருந்தார். குரலை எங்கே இறக்குவது, யார் கண்ணைப் பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எழுதி எழுதி என் நோட்டுதான் நிறைந்தது. 22 பேரில் என் முறை மூன்று தடவை வந்தது, தடவைக்கு 3 நிமிடம், ஆக மொத்தம் 9 நிமிடம். நிமிடத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் என்று திங்கட்கிழமை மெட்ரோவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு எரிந்தது. அன்றைக்கு மீட்டிங்கிலும் அதே தொண்டைக் கட்டு. பயமே இல்லாதவர், ஆனால் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிக்கிறவர் என்றால் அவருக்கு இது உதவும். கம்பெனி காசு கொடுத்தால் இன்னும் நல்லது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் வேறு ரகம், மேடையில் பேசிப் பழகுவதற்கென்றே இருக்கும் கிளப்புகளின் அமைப்பு. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. வாத்தியார் என்று யாரும் கிடையாது, உறுப்பினர்களே மாறி மாறிப் பேசி, மாறி மாறித் திருத்திக்கொள்கிறார்கள். தயாரித்து வந்த பேச்சு என்றால் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம்: நேரத்தைக் காட்ட ஐந்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. டேபிள் டாபிக்ஸ் என்று ஒன்று உண்டு, தலைப்பை அந்த நொடியில்தான் சொல்வார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம் சமாளிக்க வேண்டும். எனக்கு முதல் நாள் வந்த தலைப்பு 'குடை'. ஊரில் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு அப்பாவிடம் வாங்கிய அடியைச் சொல்ல ஆரம்பித்தேன், 40 நொடியில் சரக்கு தீர்ந்துவிட்டது. பச்சை அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் நான் 'ஸோ' என்றது 11 தடவை, இதை எண்ணிச் சொல்லவே 'ஆ கவுண்டர்' என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்!

தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், சேரும்போது ஒருமுறை 20 டாலர், கிளப் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் 12 டேபிள் டாபிக்ஸ், மூன்று முழுப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் நின்ற நேரம் அதிகபட்சம் 45 நிமிடம் வரும். நிமிடக் கணக்கில் வகுப்போடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு. குறை என்னவென்றால் அங்கே எல்லோரும் கைதட்டுவார்கள். நீங்கள் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேனேஜர் அங்கே கிடைக்கமாட்டார்.

மூன்றாவதை நான் தேடிப் போகவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் தமிழர்கள் வைத்த பொங்கல் பட்டிமன்றம், பெங்களூரில் நம் நேரத்தைத் தின்பது செல்போனா, டிராஃபிக்கா என்று தலைப்பு. ஆள் குறைகிறது என்று டிராஃபிக் அணியில் என்னைத் தள்ளிவிட்டார்கள். 8 நிமிடம் பேசினேன், டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்ததுமே கைதட்டல். முன்வரிசையில் ஒரு பாட்டி, "தம்பி, வாயைத் திறந்து சத்தமா பேசு, ஒண்ணும் காதுல விழல" என்றார். 14,000 ரூபாய் வகுப்பில் இப்படி ஒரு திருத்தம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தொண்டையும் கட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது, பாதி நாள் நான் பயந்தது மேடைக்கு இல்லை, இங்கிலீஷுக்கு. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையை 1991-லிருந்து 18 வருடம் மூடியே வைத்திருந்து 2009-இல்தான் திறந்தார்கள். ரிவ்யூ மீட்டிங்குகளில் நான் மூடிக்கிடந்தது அதைவிடக் கொஞ்சம் கம்மிதான்.

ஆனால் பட்டிமன்றப் பேச்சை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே கதை சொல்லி, ஊரைச் சுற்றி, கடைசியில் விஷயத்துக்கு வந்தால் ரசிப்பார்கள். இங்கே முதல் வாக்கியத்தில் விஷயம் வரவில்லை என்றால் "பாயின்ட்டுக்கு வாங்க" என்பார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போனில் பேசிப் பதிவு செய்வதை ஏன் சேர்க்கவில்லை என்பீர்கள். டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசிப் பார்க்கிறேன்தான், 'வந்து', 'அதாவது' எல்லாம் குறைகிறது. ஆள் பயம் மட்டும் அதில் போகாது.

என்னைப் போன்ற ஆள் என்றால் முதலில் தமிழில் ஏதாவது ஒரு மேடை, அப்புறம் டோஸ்ட்மாஸ்டர்ஸ். விருந்தினராகப் போய்ப் பார்க்கக் காசு கிடையாது, பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. சேருவதற்கு முன் இரண்டு மூன்று கிளப்புக்குப் போய் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் அள்ளுகிற இடத்தில் முழுப் பேச்சுக்கு உங்கள் முறை வர மாதக்கணக்கில் ஆகலாம். பதினைந்து பேர் வருகிற கிளப் போதும்.