வீட்டுக்கே வந்து புல்வெட்டியைத் திருத்திய அண்ணை

ஒன்ராறியோக் குளிரில் ஐந்து மாதம் கராஜில் கிடந்த எங்கட ஏறியோட்டும் புல்வெட்டி, மே மாதம் சாவியைத் திருப்ப 'டக்' எண்டதோட சரி. கடையொன்றில் முழு காபுரேட்டரையும் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற பகுதி) மாத்தச் சொன்னார்கள். பிறகுதான் இந்த அண்ணையைக் கூப்பிட்டன். ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார். பற்றரி 11.8 வோல்ட், நிறைஞ்சிருந்தால் 12.6 காட்டவேணும். சார்ஜ் ஏத்தின பிறகு எஞ்சின் சுத்திச்சு, பத்தேல்லை. காபுரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி என் கையில் தந்தார்: அடியில தேன்நிறப் பிசின், பெற்றோல் போற சின்ன ஜெட் துளை அடைச்சுப்போச்சு. எதனோல் கலந்த பழைய பெற்றோலின்ட வேலை. துப்பரவாக்கிற ஸ்பிறே அடிச்சு, வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு ஊசித்துளை தெரியுதோ எண்டு பார்த்துத்தான் திரும்பப் பூட்டினார். புதுப் பெற்றோல் ஊத்த, இரண்டாம் தரம் உறுமிப் பிடிச்சுது. 90 டொலர், சந்தோசமாகக் குடுத்தன். ஒக்டோபரில் பெற்றோல் பழுதாகாமல் வைக்கிற ஸ்டெபிலைசரை அதில கலந்து பத்து நிமிசம் ஓடவிட்டு வைக்கச் சொல்லிப் போயிருக்கிறார்.