சுருள்வில்லும் வேப்பம்பூவும்: ஒரு வசந்தப் பெட்டியின் கதை

மாசி கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மேலே மஞ்சள் துலிப் பூ, பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி, கீழே ‘வசந்தகாலச் செயல்திட்டப் பெட்டி, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை’ என்று அச்சு. விலை 1,650 ரூபாய், கூரியர் தனி. பாதி என் கைக்காசு, மீதி ஹெச்.எம். மேடம் எங்கிருந்தோ புரட்டிக் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வாங்க நினைக்கிற டீச்சர்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பேர். வளரறி மதிப்பீட்டுக்கு பிராஜெக்ட் செய்யச் சொன்னால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனரிக் கடையில் ‘பூவின் பாகங்கள்’ படம் வாங்கி, சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவி, தலைப்பை மட்டும் அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாமும் இருபதுக்குப் பதினெட்டுப் போட்டு பீரோ மேலே சொருகிவிடுவோம். இந்த வருஷமாவது நாலு பாடம் சேர்ந்து, பிள்ளைகள் தாங்களே எதையாவது கண்டுபிடிக்கிற மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம் என்ற ஆசையில் வாங்கிய பெட்டி இது.

உள்ளே 64 பக்க ஆசிரியர் கையேடு, வழவழவென்று 30 அட்டைகள், திட்டமிடல் தாள் ஒரு கட்டு, ஸ்டிக்கர்கள், சுவரில் ஒட்ட இரண்டு பெரிய படம், பான்சிப் பூச்செடி விதை ஒரு பாக்கெட். தாளிலும் அச்சிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 34 பேர் கை பட்டும் ஒரு அட்டைகூட ஓரம் மடங்கவில்லை.

தமிழைப் பார்த்ததும்தான் சிரிப்பு வந்தது. முதல் அட்டையின் தலைப்பு: ‘சுருள்வில் வந்துவிட்டது!’ எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஸ்பிரிங் என்பதற்கு எந்த மெஷினோ இயற்பியல் பாடத்துச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறது. நாலாம் அட்டையில் ‘சுருள்வில்லில் பறவைகள் கூடு கட்டும்’ என்று இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் இதுதான் பேச்சு. யாராவது லேட்டாக வந்து வாசலில் நின்றால் போதும், பின் பெஞ்சிலிருந்து குரல் வரும்: “டீச்சர், சுருள்வில் வந்துவிட்டது!”

மொழிபெயர்ப்பைக்கூட மன்னித்துவிடலாம். அட்டைகளில் இருக்கிற வசந்தம் யாருடையது என்பதுதான் எனக்கு உறுத்தியது. பனி உருகுகிறது, கம்பளிச் சட்டையை மடித்து வைக்கிறார்கள், ராபின் பறவை திரும்பி வருகிறது. வெளியே வெயில் 36 டிகிரி. ‘பனி உருகும் வேகத்தை அளந்து வரைபடம் வரைக’ என்று ஒரு அட்டை. சரி, அதையும்தான் பார்ப்போமே என்று குச்சி ஐஸ் வாங்கித் தட்டில் வைத்தோம். அளவெடுக்க வேண்டிய பையனே பாதியைத் தின்றுவிட்டதால் வரைபடம் முடியவில்லை.

பன்னிரண்டாம் அட்டை இன்னும் மோசம். ‘வசந்தம் விதைக்கும் காலம். உங்கள் ஊர் உழவர் ஒருவரைப் பேட்டி காண்க.’ ஒரு மாணவி தன் தாத்தாவிடம் நோட்டும் கையுமாகப் போய், “இப்ப என்ன விதைக்கிறீங்க தாத்தா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்த சிரிப்பைச் செய்து காட்டியபோது வகுப்பே உருண்டது. “பங்குனியில எவ விதைப்பா? புரட்டாசியில வா, சொல்றேன்.” எங்களுடையது மானாவாரி கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விழும். பங்குனியில் பருத்தி மார் காய்ந்து நிற்கும், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனாலும் அந்தத் தாத்தாவின் பேட்டிதான் எங்கள் முழுத் திட்டத்திலும் நல்ல பக்கம். அட்டை தப்பாகக் கேட்டதால் அவர் சரியாகப் பதில் சொன்னார்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு ஸ்டார் கொடுத்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். திட்டமிடல் தாளைப் பார்த்த பிறகு மனசு மாறியது.

ஒரு பக்கத் தாள், நாலே கட்டம். முதல் கட்டத்தில், புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுத முடியாத ஒரே ஒரு கேள்வி. இரண்டாவதில், எந்தப் பாடம் அந்தக் கேள்விக்கு என்ன செய்கிறது. மூன்றாவதில், முடிவை யார் பார்க்கப் போகிறார்கள். நாலாவதில், வாரக் கடைசியில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கும். இரண்டாம் கட்டத்துக்குக் கையேட்டில் ஒரு சோதனை சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாடத்தை உருவிவிட்டாலும் திட்டம் ஓடுகிறதா? அப்படியென்றால் அந்தப் பாடம் சும்மா ஒட்டுப்போட்டது, எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்கே 300 ரூபாய் கொடுக்கலாம்.

ஏனென்றால் என் முதல் தாள் முழுக்க ஒட்டுதான். கேள்வி, ‘வசந்தம் என்றால் என்ன?’ தமிழுக்கு வசந்தம் பற்றிக் கவிதை, கணக்குக்குப் பூக்களை எண்ணுதல், சமூக அறிவியலுக்கு வசந்த விழாக்கள், ஓவியத்துக்குப் பூ. சோதனையைப் போட்டுப் பார்த்தால் எல்லாமே உதிர்ந்துவிட்டது. கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டு, “பூ எண்ணுறதுக்கு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க போதுமே டீச்சர்” என்றார். கோபம் வந்தது, ஆனால் உண்மை.

மூன்றாவது தாளில்தான் கேள்வி அமைந்தது: ‘நம் ஊருக்கு இளவேனில் என்றைக்கு வந்தது? எதை வைத்துச் சொல்வது?’

தமிழ் ஐயா முதலில் வழக்கைத் தொடங்கினார். பெரும்பொழுது ஆறு, அதில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். சித்திரை ஒன்று ஏப்ரல் 14 வாக்கில் வரும். நான் என் பக்கம், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வருவது மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் ஏறக்குறைய சமம், அன்றைக்குத்தான் என்றேன். நடுவில் 25 நாள் இடிக்கிறது. யார் தப்பு? பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுகிற மாதிரி மெதுவாகச் சுழல்வதால், சம இரவு நாளில் சூரியன் நிற்கும் இடம் விண்மீன்களின் பின்னணியில் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. நம் பஞ்சாங்கம் விண்மீனை வைத்துக் கணக்குப் போடுகிறது. இன்றைக்கு வித்தியாசம் 24 டிகிரி. பிள்ளைகளே பெருக்கினார்கள்: 1,728. ஆக, சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கும். ஐயாவும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம். இதில் தமிழை எடுத்தாலும் அறிவியலை எடுத்தாலும் கணக்கை எடுத்தாலும் ஓடாது. சோதனை பாஸ்.

அடுத்தது வேம்பு. பள்ளி வளாகத்தில் நிற்கிற பெரிய வேம்பு பங்குனியில் பூத்துக் கொட்டும். பழைய சேலையை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி, சாயங்காலம் மரத்தடியில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தோம். காலையில் பிரேயருக்கு முன்னால் போய் எண்ண வேண்டும். முதல் நாள் 186 பூ. மரத்தடியிலிருந்து கிளை முடிகிற இடம் வரை டேப்பில் 4 மீட்டர். வட்டத்தின் பரப்பு ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருப்பதுதான்: 50.24 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு ராத்திரியில் 9,300க்கு மேல். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்றாவது வரிசைப் பிள்ளை ஒருத்தி மட்டும் தட்டவில்லை. வகுப்பில் வாயே திறக்காதவள். “டீச்சர், நாம துணிய நடுவுல விரிச்சோம். ஓரத்துல அவ்வளவு விழாதுல்ல?” மறுநாள் நாலு துணி, மரத்தடியிலிருந்து ஓரம் வரை. 186, 143, 112, 71. நடுத்துணியில் அன்றைக்கும் அதே 186 வந்ததை யாருமே நம்பவில்லை, மூன்று தடவை எண்ணினார்கள். சராசரி 128, மொத்தம் 6,400 சொச்சம். ஒரே கேள்வியில் மூவாயிரம் பூ குறைந்துபோனது. கணக்கு சார் அன்றைக்குத் தன் பீரியடை அவராகவே எனக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். எண்ணி முடித்த பூ வீணாகவில்லை. காயவைத்து டப்பாவில் போட்டோம், சத்துணவு அக்கா கடைசி நாளில் ரசம் வைத்தார்.

மரத்தைத் தொடர்ந்து பார்க்க நாங்கள் பயன்படுத்தியது பெட்டியின் ஸ்டிக்கர் அட்டவணையை அல்ல, சீசன்வாட்ச் முறையை. மைசூரில் இருக்கும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் நடத்துகிற மக்கள் அறிவியல் திட்டம், காசு கிடையாது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் எல்லாம் இருக்கிறதா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்து அனுப்ப வேண்டியதுதான். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் இதில் நிறையச் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பெட்டியை வாங்காவிட்டாலும் இதில் சேருங்கள். வேம்பு, புங்கம், பூவரசு, சரக்கொன்றை நாலையும் பார்த்தோம். புங்கம் தளிர்த்து மினுமினுத்தபோது கொன்றை இன்னும் மொட்டைக்கூடக் காட்டவில்லை. ஒரே தெருவில் நாலு மரத்துக்கு நாலு இளவேனில்.

ராபினுக்குப் பதில் எங்களுக்குச் சூறைக்குருவி கிடைத்தது. பனிக்காலம் முழுக்கக் கரிசல் காட்டில் கூட்டம் கூட்டமாகச் சுற்றி, சாயங்காலம் கண்மாய்க்கு மேலே புகை மாதிரி சுழலும். ஏப்ரலில் கிளம்பி மத்திய ஆசியாவுக்குப் போய்விடும், கஜகஸ்தான் பக்கமெல்லாம் போய்க் கூடு கட்டும். அட்டை ‘எந்தப் பறவை வந்தது?’ என்று கேட்கிறது. நாங்கள் அதை அடித்துவிட்டு ‘எந்தப் பறவை போனது?’ என்று எழுதினோம். கடைசியாகப் பார்த்த தேதியைக் கரும்பலகையில் எழுதி, தினமும் அழித்து அழித்து மாற்றினார்கள். ஒருநாள் மாற்றவே இல்லை.

கடைசிக் காட்சி ஏப்ரல் 13. கையேட்டில் இது இல்லவே இல்லை, அதை எழுதியவர்கள் ஊரில் இப்படி நடக்கவும் நடக்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும்தான் சூரியன் வருஷத்தில் இரண்டு நாள் நேர் உச்சிக்கு வரும். கோவில்பட்டி இருப்பது 9 டிகிரி 10 நிமிட வட அட்சம், எங்களுக்கு அந்த நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. லீவுதான், இருந்தும் 21 பேர் வந்துவிட்டார்கள், சிலர் தங்கச்சி தம்பியோடு. ஒரு பி.வி.சி. குழாயைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்தினோம். நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, எங்கள் ஊர் அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி 12.19க்குத்தான். 12 மணிக்கே எல்லோரும் குனிந்துவிட்டார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, குழாயின் அடியில் ஒரு மை வளையம் மாதிரி ஒட்டி, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு பொடியன் தன் காலையே குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான்: “டீச்சர், என் நிழல் செருப்புக்குள்ள போயிருச்சு!”

பார்வையாளர் கட்டத்தில் நாங்கள் எழுதியிருந்தது ‘தாத்தா பாட்டிகள்’. அந்தப் புரட்டாசித் தாத்தாவும் வந்து நின்றார்.

இனி வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். கையேடு 12 பீரியடில் முடியும் என்கிறது. எங்களுக்கு 23 ஆனது, அதுவும் மற்ற டீச்சர்கள் விட்டுக்கொடுத்ததால். மார்ச்சில் தொடங்கினால் ஆண்டுத் தேர்வு கழுத்தைப் பிடிக்கும், தையிலேயே தாளை எழுதிவிடுங்கள். மதிப்பீட்டுப் படிவம் எட்டுப் பத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிலை. 34 பேருக்கு அதை நிரப்பினால் நமக்குத்தான் வசந்தம் போய்விடும். நான் ‘என்ன கேட்டாள், அதைக் கேட்டு என்ன செய்தாள்’ என்று இரண்டே பத்தி வைத்துக்கொண்டேன். க்யூ.ஆர். கோடில் வருகிற வீடியோக்களில் இரண்டு திறக்கவே இல்லை. தாளையும் கையேட்டையும் மட்டும் தனியாக விற்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முழுப் பெட்டிக்கு ஐந்தில் மூன்று ஸ்டார், மூன்றும் அந்த நாலு கட்டத்துக்குத்தான்.

பான்சி விதையைச் சொல்ல விட்டுவிட்டேன். குளிர் பிடித்த செடி, எங்கள் வெயிலில் 30 விதை போட்டு இரண்டு முளைத்தது, அதுவும் நாலு நாளில் சுருண்டது. விற்பனையாளருக்கு மெயில் போட்டேன். மிகவும் வருந்துகிறோம், மாற்று அனுப்புகிறோம் என்று உடனே பதில் வந்தது. பத்து நாளில் கூரியரும் வந்தது: இன்னொரு பாக்கெட் பான்சி. பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ டீச்சர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.