மரத் தடுப்புச் சுவர் சாய்ந்தால் அடுத்து எதைக் கட்டுவது?

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், தமிழர்கள் நிறையப் பேர் வாழும் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பகுதிகளில், சரிவான மனைகளைத் தாங்கி நிற்கும் பைன் மரத் தடுப்புச் சுவர்களைப் பார்க்கலாம். மருந்தேற்றிய மரம்தான், ஆனாலும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பலவும் தளர்ந்துவிடுகின்றன. உங்கள் சுவரைச் சோதிக்க, தூண் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் அந்த விளிம்பில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். மேலே கெட்டியாக இருக்கும் கட்டை அங்கே ஊறிய ரொட்டியாக உள்வாங்கினால், ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மீண்டும் மரமே வைக்கலாமா? இரண்டு கட்டை உயரத் தோட்டப் பாத்தி என்றால் வைக்கலாம். விலை குறைவு, அறுப்பதும் எளிது. மருந்தேற்றிய மரம் எவ்வளவு கடுமையான சூழலைத் தாங்கும் என்பதை எச் (H) என்ற எழுத்தோடு ஓர் எண் காட்டும், எண் கூடினால் பாதுகாப்பும் கூடும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று எச்4 தர மரத்தைத் தூணுக்கு வாங்காதீர்கள். மண்ணைத் தாங்கும் தூணுக்கு எச்5 தரம் வேண்டும். இரண்டு கட்டைக்கு மேல் உயரமான சுவருக்கு மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளம் தோண்டி மண்ணை அள்ளும் கூலி எந்தப் பொருளுக்கும் ஒன்றுதான். அதை இன்னொரு முறை ஏன் கொடுக்க வேண்டும்?

நேர்கோட்டில் ஓடும், ஒரு மீட்டருக்கு உட்பட்ட சுவருக்கு என் தேர்வு கான்கிரீட் ஸ்லீப்பர். துத்தநாகம் பூசிய இரும்புத் தூண்களை கான்கிரீட் குழியில் நட்டு, அவற்றின் காடியில் பலகைகளை மேலிருந்து இறக்கிவிடுவார்கள். கறையான் தொடாது. ஒரு பலகை விரிசல் விட்டால் உருவிவிட்டு வேறு போடலாம். இரண்டு மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரம், 8 செ.மீ. தடிமன் உள்ள பலகை ஏறக்குறைய 77 கிலோ இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். வளைவான சுவருக்கு இது சரிப்படாது.

வளைவுக்கு ஏற்றவை, கலவை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் கான்கிரீட் பிளாக்குகள். பார்க்க அழகு. ஆனால் சுவர் பின்னோக்கிச் சாய்ந்து ஏறுவதால் இடத்தைத் தின்னும். உயரம் கூடினால் மண்ணைப் பிடித்து நிறுத்தும் வலைவிரிப்புகளைச் சுவரின் பின்புற மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பழைய சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மனையோ உங்கள் வீட்டு அஸ்திவாரமோ இருந்தால் அதற்கு இடம் ஏது? சிட்னிக்கே உரிய மணற்கல் எல்லாவற்றையும்விட அழகானது. ஆனால் ஒரு மீட்டர் நீளக் கல் அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தூக்கும் இயந்திரம் நுழைய வீட்டின் பக்கவாட்டில் 90 செ.மீ. சந்து மட்டும் இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கார் நிற்கும் தளத்தைத் தாங்க வேண்டிய சுவருக்குக் கம்பி கட்டி, உள்ளே கான்கிரீட் நிரப்பிய பிளாக் சுவரையே பாருங்கள். பொறியாளரின் வரைபடம் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுவதும் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய அரை டன் விசை தள்ளும். பழைய சுவர்களைப் பிரிக்கும்போது கட்டையோடு ஒட்டிய கரிய களிமண்ணைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம். ஒரு கை ஜல்லிகூட இருக்காது. சுவருக்குப் பின்னால் ஜல்லி, மண் புகாமல் தடுக்கும் வடிதுணி, அடியில் துளையிட்ட குழாய் மூன்றும் விலைப்பட்டியலில் தனித்தனியாக இருக்கட்டும். குழாய் எங்கே போய்த் திறக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நியூ சவுத் வேல்ஸில் 60 செ.மீ. வரையிலான சுவருக்கு, எல்லையிலிருந்து உள்ள தூரம் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதி தேவையில்லை. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் பொதுவாக ஒரு மீட்டர் வரை விலக்கு உண்டு. அங்கும் நிபந்தனைகள் உள்ளன. தொடங்கும் முன் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய பைன் கட்டைகளில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கக்கூடும். அவற்றை அடுப்பில் எரிக்கவோ, தூளாக்கிச் செடிக்குப் போடவோ, பச்சைக் குப்பைத்தொட்டியில் தள்ளவோ கூடாது. மருந்தேற்றிய மரத்தை ஏற்கும் குப்பைக் கிடங்குக்கே அனுப்புங்கள். அந்தச் செலவையும் விலைப்பட்டியலில் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.