சிவப்புக் கமெலியாவுக்கு ஒரு மக்ரோ லென்ஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிவப்புக் கமெலியா மலர்களைப் படமெடுப்பதற்கென்றே, மிக அருகிலிருந்து சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் மக்ரோ வகையில் வாங்கிய கெனான் ஈஎஃப் 100 மில்லிமீற்றர் எஃப்/2.8 எல் மக்ரோ ஐஎஸ் லென்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். 2009இல் வெளிவந்த இந்த லென்ஸின் கூர்மையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கமெலியாவைப் பொறுத்தவரை, அடர்ந்த சிவப்பை எடுக்கையில் லென்ஸ் நமக்கு எதைச் செய்து தரும், எதை நாமே கவனிக்க வேண்டும் என்பதே முக்கியமானது.

கொழும்பின் வெக்கையில் கமெலியா செழிப்பதில்லை. ஆகவே கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகையிரதம் ஏறி, மலைநாட்டு நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவுக்கும் அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்கும் செல்வது என் வழக்கம். வழிநெடுகத் தெரியும் தேயிலையும் கமெலியாப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். தேயிலையின் சிறிய வெண்மலரை ஒருமுறை கூர்ந்து பார்த்தவருக்கு, ஒற்றையடுக்குச் சிவப்புக் கமெலியாவின் நடுவே திரண்டு நிற்கும் மஞ்சள் மகரந்தக் கேசரங்களைக் கண்டதும் அந்த உறவு விளங்கிவிடும்.

சிவப்புதான் உண்மையான சோதனை. கமெராவின் ஒளியுணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்பங்கு சிவப்புக்கும், கால்பங்கு நீலத்துக்கும் உரியவை. செவ்விதழ் சட்டகத்தை நிறைக்கும்போது பச்சை, நீலப் புள்ளிகளுக்கு மிகக் குறைந்த ஒளியே சேர்வதால், கமெரா காட்சியை இருண்டதாகக் கணித்துக் கூடுதல் ஒளியை அனுமதிக்கிறது. அதற்குள் சிவப்பு நிரம்பி வழிந்துவிடுகிறது. இதழின் நரம்புகளும் மென்மடிப்புகளும் மறைந்து, மலர் கத்தரித்து ஒட்டிய வண்ணக் காகிதம்போல் தட்டையாகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதைத் தடுக்காது. படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நம்பாமல், மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டுவதைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டாத அளவுக்கு ஒளியைக் குறைக்க வேண்டும். மேகமூட்டத்தில் மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைப்பதே எனக்குப் பெரும்பாலும் போதுமாக இருக்கிறது. நேர்வெயிலில் படமெடுப்பதையே தவிர்க்கிறேன். ஒளியுணரி பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாகச் சேமிப்பது அவசியம். மலைக்குப் போக முடியாத மாதங்களில், வீட்டு வேலியில் பூக்கும் செவ்வரத்தையில் இதே பயிற்சியைச் செய்யலாம். அதன் சிவப்பும் இதே பாடத்தைக் கற்பிக்கும்.

இயல்பளவு உருப்பெருக்கத்தையே, அதாவது பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் ஒளியுணரியில் விழுவதையே, பலர் பெரிதாக எண்ணுகிறார்கள். எட்டு, பத்து சென்றிமீற்றர் அகலமுள்ள ஒரு கமெலியாவை முழுச் சட்டக (36×24 மில்லிமீற்றர்) ஒளியுணரியில் முழுமையாக அடக்க அந்த உருப்பெருக்கத்தில் ஏறத்தாழக் கால்பங்கே போதும். கேசரங்களை மட்டும் எடுக்க முற்படும்போதுதான் இயல்பளவு பயன்படுகிறது. அப்போது ஒளியுணரியிலிருந்து மலர்வரை 30 சென்றிமீற்றர்தான் இருக்கும் என்பதால், கமெராவின் நிழல் பூவின்மேல் விழாதபடி நிற்கும் பக்கத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதிர்வுத் தடுப்பு வழக்கமான தூரத்தில் நான்கு ஸ்டொப்வரை உதவும். இயல்பளவில் அது இரண்டாகக் குறையும் எனத் தயாரிப்பாளரே கூறுகிறார். கையின் நடுக்கத்தை அது தணிக்குமே தவிர, மலைக்காற்றில் ஆடும் கிளையை நிறுத்தாது. ஆகையால் ஷட்டரை வேகமாக்குவதற்காக, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் உயர்த்திக்கொள்கிறேன்.

நான் மனமார விரும்பி எடுப்பவை உதிர்ந்த மலர்கள். கமெலியா ஜப்போனிக்கா இதழிதழாகச் சிதறாமல், கேசரங்களோடு சேர்ந்து முழுப்பூவாகவே விழுகிறது. தரையில் கிடக்கும் அந்தப் பூவுக்குக் காற்றின் தொல்லை குறைவு. லென்ஸின் துவாரத்தை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி நிதானமாக எடுக்கலாம். பளபளக்கும் தடித்த இலைகளின் வெள்ளொளியைக் குறைக்க 67 மில்லிமீற்றர் போலரைசர் வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதைச் சுழற்றியதும் இலையின் கரும்பச்சை தெளிந்து, அருகிலுள்ள சிவப்பு தானாகவே ஆழங்கொள்ளும்.

625 கிராம் எடை நாள் முழுதும் சுமக்கத்தக்கதே. கொழும்புக்குத் திரும்பியபின் கவனிக்க வேண்டியது ஈரப்பதம்: கடலோரக் காற்றில் பையிலேயே விட்டுவைத்த லென்ஸில் பூஞ்சை எளிதில் பற்றும். மின்சார உலர்பெட்டியில் 40 முதல் 50 வீத ஈரப்பதத்தில் வைத்திருப்பதால் என் லென்ஸின் கண்ணாடிகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. பழைய லென்ஸாக வாங்குவோர், கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவது நல்லது.