சுண்ணாம்பா, பெயின்டா? பன்பாயா, பிளாஸ்டிக் பாயா? வாவிக்கரை வீட்டுக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, போன வருடம் மகளுக்கு எழுதிக் கொடுத்தோம். கல்லடியில், வாவியிலிருந்து கூப்பிடு தூரம். கொடுக்கிற வீட்டைத் திருத்தித்தானே கொடுக்க வேண்டும்? என்ன செய்யலாம் என்று மகளிடம் கேட்டேன். "பிளாஸ்டிக் வாசம் இல்லாத வீடு வேணும் அம்மா, வேற ஒண்டும் வேணாம்" என்றாள்.

அதற்காகச் சுவருக்கு, தரைக்கு, யன்னலுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கேட்டு, சிலதைச் செய்தும் பார்த்தோம். சில இடத்தில் பழைய பொருள் வென்றது, சில இடத்தில் கடைப் பொருள்தான் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சுவர்: சுண்ணாம்பும் இமல்ஷனும்

நாங்கள் அதிகம் அடிபட்டது சுவரில்தான். வீட்டின் முன்பகுதி பழசு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பின்னால் அம்மா காலத்தில் கூட்டிக் கட்டிய இரண்டு அறையும் குசினியும் சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு. ஆறு வருடத்துக்கு முன்னர், பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று முழு வீட்டுக்கும் இமல்ஷன் அடித்தோம். மார்கழிக் கடைசியில் மழை விட்டு நாலு நாள் வெயில் எறித்தது. அந்த இடைவெளிக்குள் அடித்து முடித்தாயிற்று. எந்தச் சுவருக்கும் பிடிக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார், நாங்களும் நம்பினோம். பொங்கலன்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

பங்குனி வெயில் தொடங்கியதும் முன்னறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கீறினேன். பொரித்த அப்பளம் மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. அதற்குப் பின்னால் பஞ்சு போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், கரித்தது.

பழைய வீடுகளில் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியே மெல்ல மேலே ஏறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் நிலத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுவரின் முகத்துக்கு வந்து ஈரம் காற்றில் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். இமல்ஷன் காய்ந்தால் அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல். ஈரம் எளிதில் வெளியேற வழி இல்லாமல் உப்பு அந்தத் தோலுக்குப் பின்னால் பளிங்காகப் பருத்து, அதைத் தள்ளிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் என்றாலும் இந்தக் கதைதான்.

சுண்ணாம்பு அப்படி இல்லை. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகைச் சூட்டில் சுடும்போது அதிலுள்ள காபனீரொட்சைட்டு போய்விடுகிறது. தண்ணீர் விட்டால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசிய பிறகு, போன அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மறுபடி கல்லாகிறது. அந்தக் கல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளை. ஈரம் அதன் வழியே போய்விடும். உப்பு வந்தாலும் மாவாக உதிரும், விளக்குமாற்றால் தட்டிவிட்டு மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம். காரம் அதிகம் என்பதால் பூசி முதல் மாதங்களில் பூஞ்சணமும் கிட்ட வராது.

அப்போ முழு வீட்டுக்கும் சுண்ணாம்பே அடிக்கலாமே? முடியாது. சாய்ந்து நின்றால் உடுப்பில் வெள்ளை ஒட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவ முடியாது. வருடம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இமல்ஷன் அடித்த சுவரில் அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பிடிக்காது. அந்தச் சுரண்டல் வேலை மட்டும் எங்களுக்கு ஒன்பது நாள் எடுத்தது. வழுவழுப்பான சீமெந்துப் பூச்சிலும் அது நின்று பிடிப்பதில்லை, தூளாகக் கொட்டும். குசினியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அதோடு சரி.

ஆகவே முன்பகுதிச் செங்கல் சுவர்களுக்குச் சுண்ணாம்பு, பின்னறைகளுக்கும் குசினிக்கும் இமல்ஷன் என்று பிரித்தோம். எது அடித்தாலும் காலம் முக்கியம். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது எங்கள் வழக்கம், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையைக் குடித்த சுவர் தை பிறக்கும்போது காய்ந்திருக்காது. சுண்ணாம்பு என்றால் அந்த ஈரத்தைத் தாங்கும், பொங்கலுக்கு முன் ஒரு பூச்சுப் பூசிக்கொள்ளலாம். இமல்ஷனைப் பங்குனி வரை பொறுத்து, சித்திரை வருடப்பிறப்புக்கு அடியுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சுண்ணாம்பைத் தொட வேண்டாம். அந்தச் சூட்டுக் காற்றில் அது கல்லாகும் முன்பே வறண்டு, கை வைத்தால் மாவாக வரும்.

பூசுகிற விதம் இதுதான். நீறிய சுண்ணாம்பைச் சீலையில் வடித்து, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். விடியற்காலையில் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். முதல் பூச்சுப் பூசும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் இழுத்த மாதிரி இருக்கும். மகள் பயந்துபோனாள். மத்தியானம் வந்து பார்த்தால் சுவர் தானாக வெளுத்து நின்றது. கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கைக்கு உறை போடுங்கள்.

சுண்ணாம்பு எங்கேயிருந்து வருகிறது என்றும் கேட்டு வாங்குங்கள். அம்மம்மா காலத்தில் முருகைக்கல்லைச் சுட்டார்கள். இப்போது கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, அது இருக்க வேண்டிய தடைதான். கரைக்கு வரும் அலையின் வேகத்தை உடைக்கிறவை அந்தப் பாறைகள். 2004 மார்கழியைப் பார்த்த ஊருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நிறம்: செடியின் நிறமும் மண்ணின் நிறமும்

மகளுக்கு மஞ்சள் சுவர் வேண்டும், அதுவும் நம்முடைய சமையல் மஞ்சளிலேயே வேண்டும் என்று ஆசை. ஒரு சிரட்டைச் சுண்ணாம்பில் மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கினாள். கண் முன்னாலேயே சிவந்துபோனது. ஆலாத்தித் தட்டில் நாம் காலங்காலமாகப் பார்க்கிற சிவப்பு! காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அந்தச் சிவப்பும் சுவரில் நிற்காது, வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் சீக்கிரம் வெளிறிவிடும். பெரும்பாலான பூ, இலைச் சாயங்களுக்கும் சுண்ணாம்பில் இதே கதிதான்.

மண்ணில் பிறந்த நிறங்கள் சுண்ணாம்போடு சண்டை பிடிப்பதில்லை. காவியும் மஞ்சள் காவியும் இரும்பின் துருதானே, அதற்கு மேல் அவை மாற என்ன இருக்கிறது? கோயில் மதிலின் காவிப் பட்டை வெயிலில் வருடக்கணக்காக நிற்பது அதனால்தான். உடுப்புக்குப் போடுகிற நீலமும் சுண்ணாம்பில் நிற்கும். ஒரு சிட்டிகை போட்டால் வெள்ளையின் பழுப்பு எடுபடும், கொஞ்சம் கூட்டினால் வானத்து நிறம் வரும். நிறத்தூள் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பவும் வேண்டாம். காய்ந்ததும் பாதிக்கு மேல் வெளுக்கும், ஆகையால் ஒரு மூலையில் பூசி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

முன்னறையின் ஒரு சுவருக்கு மட்டும் மஞ்சள் காவி, மற்ற மூன்றுக்கும் நீலம் சேர்த்த வெள்ளை. இதை முடிவு செய்தது அம்மம்மா காலத்து முதிரைக் கதவு. முதிரை தேன் நிற மரம், பக்கத்தில் மஞ்சள் காவிச் சுவர் வந்ததும் கதவு எடுத்துக் காட்டியது. மேற்குப் பக்க அறைக்கு அதே மஞ்சளைப் போட்டுப் பார்த்தோம். பின்னேரம் வாவியில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் அறை எரிகிற மாதிரி இருந்தது, உடனே வெள்ளைக்கு மாற்றினோம்.

பாய்: பன், பனையோலை, பிளாஸ்டிக்

விலையையும் கழுவுகிற லேசையும் மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் பாய்க்கு நிகரில்லை. ஆனால் கச்சான் காலத்து மத்தியானத்தில் அதில் படுத்து எழும்புங்கள், முதுகு நனைந்திருக்கும். வெயிலில் காயப்போட்டுக் காயப்போட்டு, மூன்றாம் வருடம் நார் நாராக முறிந்து அறையெல்லாம் துகள் கொட்டும்.

பனையோலைப் பாய் அழகு. புதுக் குருத்தோலையின் வெளிர் நிறம் நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஓலை விறைப்பு, மடித்தால் மடிப்பில் வெடிக்கும், விளிம்பு தோலைக் கீறும். அதைச் சுவரில் மாட்டலாம், பெட்டியாக, கூடையாக வைக்கலாம். படுக்க எனக்குப் பன்பாய்தான்.

பன் சதுப்பில் வளர்கிற புல். வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயத்தில் அவித்து இழைப்பார்கள். இலங்கையில் பாய்ச் சாயத்துக்கு முன்பு பதிமுகக் கட்டை சிவப்பையும் மரமஞ்சள் மஞ்சளையும் கொடுத்தன. இப்போது கிடைப்பது பெரும்பாலும் கடைச் சாயம். இயற்கைச் சாயம் என்று யாராவது சொல்லித் தந்தால், ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், எந்தச் சாயமானாலும் துணியில் இறங்குகிற பாய் வேண்டாம். நாங்கள் அக்கரைப்பற்றுப் பக்கம் பாய் இழைக்கும் ஒரு ராத்தாவிடம் இரண்டு வாங்கினோம். சிவப்பும் ஊதாவும் ஓடிய ஒன்று வெள்ளைச் சுவர் அறைக்கு, சாயமே போடாத ஒன்று மஞ்சள் காவிச் சுவருக்கு முன்னால். விரித்துக் காட்டியபோது வந்த அந்தக் காய்ந்த புல் வாசம் இன்னும் பாயில் இருக்கிறது. "புள்ள, மழைக்குள்ள விரிச்சபடி போட்டு வெக்காத, அடியில பூத்திரும்" என்று ராத்தா சொல்லி அனுப்பினார். உண்மைதான். சீமெந்துத் தரையில் மாரி காலத்தில் ஒரு கிழமை விட்டாலே அடியில் கறுப்புப் புள்ளி வரும். காலையில் நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட வேண்டும், வெயில் கண்டால் வளவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீட்டுக்குப் பிளாஸ்டிக் பாய்தான் சரி.

வாசல் மிதியடிக்குத் தும்பு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உப்புக்கும் ஈரத்துக்கும் தும்பைப் போலத் தாங்குகிற நார் வேறு எது?

யன்னல்: கைத்தறியும் பொலியெஸ்டரும்

பொலியெஸ்டர் திரைச்சீலை சுருங்காது, கழுவிய ஒரு மணித்தியாலத்தில் காயும். காற்று அடித்தால் மட்டும் சரசரவென்று சத்தம் போட்டுப் பறக்கும். மருதமுனைக் கைத்தறி பக்கத்து அம்பாறை மாவட்டத்திலேயே நெய்வது, விலை கூட. ஆனால் காலை வெயில் அதன் இழைக்குள்ளால் வருகிற விதத்தைப் பார்த்த பிறகு நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. பஞ்சுத் துணி காற்றை விடும், ஆனால் முதல் தண்ணீரில் சுருங்கும். அதனால் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து, அப்புறம் அளவெடுங்கள். கீழ் மடிப்பில் அரைச் சாண் விட்டு வையுங்கள். நிறம் இறங்குமா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேற்கு யன்னலுக்குக் கடும் நீலம், கடும் சிவப்பு வேண்டாம், வெயில் பட்ட மடிப்பு ஒரு நிறமும் படாத மடிப்பு ஒரு நிறமுமாகிவிடும். சாரத்துக்கு நெய்கிற கட்டம் போட்ட துணியையே வாங்கித் தொங்கவிட்டோம். இரண்டு நிறம் கலந்த நெசவில் வெளிறல் அவ்வளவாகத் தெரியாது.

விறாந்தைத் தட்டிக்கு மூங்கிலா கிடுகா என்றால், கிடுகு. மூங்கிலைத் தண்ணீரில் ஊறவைக்காமல் செய்திருந்தால் பூச்சி துளைத்து, கீழே மஞ்சள் தூள் கொட்டும். கடையில் ஊறவைத்தது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கிடுகு இரண்டு வருடத்தில் போய்விடும், ஆனால் வளவுத் தென்னையில் ஓலை விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கச்சான் காலத்தில் அது பஞ்சு மாதிரிப் பற்றும் என்பதால் குசினிப் பக்கம் மட்டும் தொங்கவிட வேண்டாம்.

தரைக்கு டைல்ஸ் போடச் சொல்லி மாமி வற்புறுத்தினார். பழைய சிவப்புச் சீமெந்துத் தரையை எடுக்க மகள் விடவில்லை. இரண்டு இடத்தில் வெடிப்பு இருக்கிறது, சிவப்புத் தூள் கலந்த சீமெந்தால் அடைத்து மெழுகு போட்டோம். ஒட்டுப் போட்டது தெரியும், இருக்கட்டும்.

மிஞ்சிய சுண்ணாம்பு பின் வளவில் பீப்பாவில் இருக்கிறது. தண்ணீருக்கடியில் கிடந்தால் அது வருடக்கணக்கில் கெடாது, கிடக்கக் கிடக்க வெண்ணெயாகும். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி மகளிடம் ஒப்படைத்திருக்கிறேன். மார்கழியில் மழை ஓய்கிற நாலு நாளில் அடுத்த பூச்சு.