ஒற்றைச் சக்கர மிதிவண்டிக்கு ஹேண்டில்பார்: மூன்று ஆண்டு அனுபவம்

36 அங்குலச் சக்கரம் கொண்ட என் ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் ஹேண்டில்பார் பொருத்தி மூன்று ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், வெயில் ஏறுவதற்குள், சிங்கப்பூரின் பிடோக்கிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு இறங்கி, சாங்கி கடலோரப் பாதை வழியாகப் போய்த் திரும்புகிறேன். போகவர ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆகும். வழியில் நிறுத்திப் பேசுகிறவர்களில் பலர், "இது திருப்புவதற்குத்தானே?" என்று கேட்பார்கள். இதைப் பிடித்துத் திருப்ப முடியாது. இருக்கையோடு அசையாமல் இறுக்கப்பட்ட தண்டு இது. வண்டி திரும்புவது இடுப்பின் அசைவாலும் உடலின் சாய்வாலும்தான்.

பிறகு எதற்கு என்பதை விளக்க, இந்த வண்டியின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். பெடல் சக்கரத்தின் அச்சோடு நேரடியாக இணைந்திருப்பதால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும். 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.87 மீட்டர் நகரும். 25 கிலோமீட்டருக்கு 8,700 முறைக்கு மேல் மிதிக்க வேண்டும், நடுவில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருண்டு போகவும் வழியில்லை. இரு சக்கர மிதிவண்டியில் உடல் எடையில் ஒரு பங்கைக் கைகள் தாங்கிக்கொள்ளும். இங்கே கால்கள் தாங்குவது போக மீதி முழுவதும் குறுகலான இருக்கையின் மேல்தான் இறங்குகிறது. ஹேண்டில்பார் இல்லாத நாள்களில் ஆறாவது, ஏழாவது கிலோமீட்டரிலேயே எனக்கு மரத்துப்போகத் தொடங்கிவிடும். இறங்கிச் சற்று நடந்துவிட்டுத்தான் மீண்டும் ஏறுவேன். 2015 முதல் 2018 வரை இதே 36 அங்குலச் சக்கரத்தில் உலகைச் சுற்றிவந்த இங்கிலாந்து இளைஞர் எட் பிராட்டின் பயணத்தைப் பார்த்து நெடுந்தூரம் ஓட்ட ஆசைப்பட்ட எனக்கு, ஆறு கிலோமீட்டரில் தடைபட்டு நிற்பது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தண்டின் முதல் பயன், உள்ளங்கைகளுக்கு எடையில் ஒரு பங்கைக் கொடுப்பது. இரண்டாவது பயனை நான் எதிர்பார்க்கவில்லை. வலக்கால் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமாகச் சற்றே முறுக்கிக்கொள்ளும். இடக்கால் அழுத்தும்போது மறுபக்கம். சக்கரம் பெரிதாக ஆக இந்த நெளிவைத் தொடைகள் இறுக்கிப் பிடித்து அடக்க வேண்டியிருக்கும், அதுவே பாதிக் களைப்புக்குக் காரணம். இருக்கைக்கு முன்னால் சற்றுத் தள்ளி இரு கைகளும் பிடித்துக்கொண்டால், அந்த முறுக்கலைக் கைகளும் தோள்களும் எளிதாக அடக்கிவிடுகின்றன. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய நேர்ப்பாதையில் டயர் ஒரே கோட்டில் போவதை முதன்முதலாகக் கண்ட காலை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

பொருத்தும் வேலையில்தான் நிறையத் தவறு செய்தேன். இருக்கையின் அடித்தகட்டையும் இருக்கையைத் தாங்கும் செங்குத்துக் குழாயையும் நான்கு போல்ட்டுகள் இணைக்கின்றன. ஹேண்டில்பாரின் பிடிப்பும் அந்த இடத்தில்தான் வந்து சேர வேண்டும். நீளம் கூடினால் வசதி கூடும் என்று நினைத்து, இருக்கை முனையிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் நீளும் இரும்புத் தண்டை வாங்கி ஒரு பட்டறையில் மாட்டச் சொன்னேன். அவர்கள் வாஷரும் போடவில்லை, போல்ட் தளராமலிருக்கத் தடவும் திரவப் பசையும் தடவவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம், பிடோக் படகுத்துறையைத் தாண்டியதும், நான் முன்னால் சாய்ந்து எடையைக் கொடுத்த கணத்தில் பின்பக்க போல்ட் இரண்டும் கழன்று இருக்கையின் முனை சட்டென்று கீழே போயிற்று. முழங்காலில் தோல் பெயர்ந்ததோடு போயிற்று என்றாலும், பின்னால் வந்த மிதிவண்டிக்காரர் சற்று வேகமாக வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

அதைச் சரிசெய்து கொடுத்தவர், துவாஸில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்யும், புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தண்டின் முனையை ஒரு விரலால் அழுத்திக் காட்டினார். "தம்பி, இது நெம்புகோல். நீங்க நுனியில பத்துக் கிலோ அழுத்துனா அங்க போல்ட்டு எவ்வளவு தாங்கணும்னு பாருங்க. பாதியா வெட்டிருவோமா?" என்று கேட்டார். "வெட்டுங்கண்ணே" என்றேன். 6 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டில் நான்கு துளை போட்டு, இருக்கைக்கும் அதைத் தாங்கும் குழாய்க்கும் இடையில் அதைப் பொருத்தினார்; அழுத்தம் இரண்டு போல்ட்டில் மட்டும் விழாமல் தகடு முழுவதும் பரவியது. தகட்டின் கனம் சேர்ந்ததற்கு ஏற்ப நீளமான, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றின் புரியிலும் பசை தடவி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினார். அந்தத் தகடு இன்றுவரை அசையவில்லை.

வெட்டிய பழைய தண்டின் முனை மூடியைக் கழற்றியபோது உள்ளிருந்து தேநீர் நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் வெளியே வந்தது. வியர்வை! முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, பிடியின் சுற்றுநாடாவுக்குள் ஊறி, தண்டுக்குள் தேங்கி, மூன்றே வாரத்தில் இரும்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கமும் கடல்காற்றும் சேரும்போது இது தவிர்க்க முடியாதது. வெட்டிய துண்டைச் சில மாதம் ஓட்டிவிட்டு அலுமினியத் தண்டுக்கு மாறினேன். துணி நாடா அழுகிப்போகிறது, தக்கை நாடா பிய்ந்துபோகிறது. சிலிகான் நாடா மட்டும் கழுவித் துடைத்தால் ஓராண்டு தாங்குகிறது. தண்டின் இரு முனைகளிலும் மூடி இல்லாமல் ஒருநாளும் ஓட்டக் கூடாது. விழும்போது திறந்த குழாயின் விளிம்பு தோலை வெட்டிவிடும்.

தண்டு வந்தபின் உடலும் மறுபடி பழக வேண்டியிருந்தது. முன்னால் சாயும்போது இடுப்பு முன்பக்கம் சுழல்வதால், இருக்கையின் அழுத்தம் எலும்பை விட்டு மென்மையான பகுதிக்கு நகர்கிறது. ஆகவே தண்டை மிகத் தாழ்வாக வைத்தால் எந்த வலிக்காகப் பொருத்தினோமோ அதே வலி வேறு வடிவில் திரும்பும். என் தண்டு இருக்கை முனையைவிடச் சற்று உயர்ந்தும், அதிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கிறது. முதுகு பாதிதான் சாய்கிறது. இருக்கை உயரத்தையும் அரை சென்டிமீட்டர் இறக்கினேன். உதவியின்றி ஏறும் முறை கைவர, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் திடலின் ஓரத்தில் இரண்டு வாரம் எடுத்தது. விழும் முறையும் மாறுகிறது: முன்னால் கால் எடுத்து ஓடி இறங்கும்போது அகலமான தண்டு தொடையில் தட்டும் என்பதால், தோள் அகலத்தில் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கைகள் இரண்டும் பிடியில் இருந்தால், காற்றில் கையை வீசிச் சமநிலை காக்கும் வசதி போய்விடுகிறது. அதனால் குழந்தைகள் ஓடும் இடங்களிலும், வளைவுகளிலும், நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஊரும்போதும் ஒரு கையை எடுத்துவிடுகிறேன். நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வுப் பாதையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நிமிடத்துக்கு நூறு மிதி மிதித்தாலும் நான் 17ஐத்தான் எட்டுகிறேன், ஆகவே வேகம் ஒரு சிக்கலாக இருந்ததில்லை. சுரங்கப்பாதையின் ஏற்றத்தில் தண்டை மேல்நோக்கி இழுத்து மிதித்தால் காலுக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது. இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்ற, பிரேக் நெம்பைத் தண்டின் அடியில் ஒரு விரல் எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு கையால் நேராக ஓட்டத் தெரியாதவர்கள் இதை இப்போதைக்குப் பொருத்த வேண்டாம். 20 அங்குலச் சக்கரத்தில் பழகுகிறவர்களுக்கு இது இடையூறுதான். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள், பிடியும் தகடும் நல்லதாகக் கிடைக்கும்வரை காத்திருந்தாவது பொருத்திக்கொள்ளுங்கள். இப்போது நான் கடற்கரை முனையில் தண்ணீர் குடிக்க மட்டுமே இறங்குகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலன் கீயை எடுத்து நான்கு போல்ட்டையும் தொட்டுப் பார்க்கிறேன்.