சயானா, பிரைஸா? சாரணர் குழுவுக்கு எது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள இந்த இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஜூலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

சயானில் பிள்ளைகளை இழுப்பது நாரோஸ். இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர். நடுவே வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே, வழுக்குக் கற்களில் கம்பை ஊன்றி நடக்க வேண்டும். எங்கோ மலையில் பெய்த மழைக்கு இங்கே திடீர் வெள்ளம் வரும். அதனால் காலையில் வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. வெயிலோ 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 முதல் அனுமதிச்சீட்டு வேறு வேண்டும். குழுவாகப் போனால் அது தலைவலிதான்.

பிரைஸின் விளிம்பு ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் தொடங்குகிறது. பகல் இதம், இரவில் ஸ்வெட்டர் தேடுவார்கள். ஹூடூ என்கிற பாறைத் தூண்களுக்கு நடுவே குயின்ஸ் கார்டன், நவாஹோ பாதைகளைச் சேர்த்து நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இரவு வானத்தில் பால்வீதி பளிச்சென்று தெரியும்.

சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் என் ஓட்டு பிரைஸுக்கு. பெரிய பிள்ளைகள் என்றால் சயான் சரி, ஆனால் காலையில் பூங்காவுக்குள் போகும் முதல் ஷட்டில் பேருந்தையே பிடித்துவிடுங்கள்.